கடைசித் தேதி கடந்த பின் அழுது பயனென்ன?

  

2022-ஆம் ஆண்டு, ஒரு மாலைப் பொழுது. அஸர் தொழுகை முடிந்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தேன். என்னிடம் ஆறு ஆண்டுகள் ஓதிய மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். நம்மூர் உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்தவர். அவருடைய அத்தா பழைய இரும்பு வாங்கி விற்பவர்; அம்மா வீட்டில் தையல் எந்திரம் மிதிப்பவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரியைக் கண்டவர் எவரும் இல்லை.

"ஹஜரத், பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் பணம் கட்ட இயலாது. சான்றிதழ் கொடுக்க வேண்டிய தேதியும் முடிந்துவிட்டதாம்" என்றார்.

விசாரித்தபோது விஷயம் விளங்கியது. விண்ணப்பத்தை ஒரு கணினி மையத்தில் கொடுத்து நிரப்பியிருக்கிறார்கள். நிரப்பியவர், "என்ன சாதி?" என்று கேட்க, பிள்ளை "முஸ்லிம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவரும் 'பொதுப்பிரிவு' என்று பதிந்துவிட்டார். முஸ்லிம்களுக்கென 3.5 சதவீத இடஒதுக்கீடு இருப்பதைப் பிள்ளையும் சொல்லவில்லை, பெற்றோரும் அறியவில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். கிடைத்ததோ ஒரு சுயநிதிக் கல்லூரி. கட்டணமோ அவர்கள் கைக்கு எட்டாதது. அந்த ஆண்டு அந்தப் பிள்ளை பக்கத்து நகரத்தில் ஒரு துணிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

அவர் படிப்பில் குறை இல்லை. உழைப்பில் குறை இல்லை. குறை, அவரைச் சுற்றியிருந்த எங்களிடம்தான் இருந்தது. ஆறு ஆண்டுகள் அவருக்குப் பாடம் நடத்திய நான், "தம்பி, அடுத்து என்ன படிக்கப் போகிறாய்? அதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு கலைக்கல்லூரியில் பட்டம் பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அது பெரும் வெட்கம். அந்த வெட்கத்தின் விளைவாக நான் தேடித் தெரிந்துகொண்டவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

நம் நிலை என்ன?

நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006-ஆம் ஆண்டு நவம்பரில் அளித்த அறிக்கை, இந்நாட்டில் 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 சதவீதத்திற்கும் குறைவு என்று எடுத்துக்காட்டியது. அதற்குப் பின் காலம் ஓரளவு மாறியிருக்கிறது. நம் தெருக்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பெண் பிள்ளைகளைப் பார்த்தாலே அம்மாற்றம் புலப்படும். ஆயினும் நம் ஊர்களில் இன்றும் ஒரு பழக்கம் தொடர்கிறது. மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவுடன் பாஸ்போர்ட் எடுக்கிறோம். சபருக்கு ஆள் பார்க்கிறோம். விசாவுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கத் தயங்காத நாம், கல்லூரிக் கட்டணம் என்றதும் கையைப் பிசைகிறோம்.

சபர் செல்வது தவறன்று. அந்த உழைப்பில்தான் நம்மில் பலருடைய வீடு எழுந்தது. பள்ளிவாசல் மனாராவும் எழுந்தது. ஆனால் பட்டத்தோடும் கைத்திறனோடும் சபர் செல்பவருக்கும், வெறுங்கையோடு செல்பவருக்கும் அங்கே கிடைக்கும் ஊதியமும் மரியாதையும் ஒன்றல்லவே! இதைச் சபராளிகளே நன்கறிவர்.

வழி ஏற்படுத்தித் தந்த முன்னோர் நமக்கு உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951-இல் தோன்றின. பெண் கல்விக்காக நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்கள் 1955-இல் சென்னையில் மகளிர் கல்லூரியை நிறுவினார்கள். அதிராம்பட்டினம், உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையான்குடி, பாளையங்கோட்டை என்று ஊர்தோறும் கல்லூரிகள் எழுந்தன. வணிகர்கள் தம் கைப்பொருளைக் கொட்டி எழுப்பிய கட்டடங்கள் அவை. அந்த வாசல் வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பதே இன்று நம் பொறுப்பு.

முதலில் தாள்கள், பிறகுதான் தேர்வுகள்

பெற்றோரே! பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே ஒரு கோப்பு வாங்கி, அதில் பின்வருவனவற்றைச் சேர்த்து வையுங்கள்.

முதலாவது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிற்படுத்தப்பட்டோருக்குரிய 30 சதவீதத்திற்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியே ஒதுக்கப்பட்டது. அன்சார், தக்கணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். சான்றிதழில் உங்கள் பிரிவின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். "முஸ்லிம்" என்று பொதுப்படச் சொன்னால் போதாது. அந்த ஒரு சொல்லின் குறைவால்தான் மேலே சொன்ன மாணவரின் வாழ்க்கை திசை மாறியது.

மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கும் வேலைகளுக்கும் செல்லும்போது மாநிலச் சான்றிதழ் செல்லாது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசுச் சான்றிதழைத் தனிப் படிவத்தில் வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல. ஆகவே உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் எப்பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'வளமான பிரிவினர்' என்று விலக்கப்படுவதற்குரிய வருமான வரம்பு 2017-இல் ஆண்டுக்கு எட்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. அப்பட்டியலில் இடம்பெறாத ஏழைக் குடும்பத்தினர், 2019-இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டை மத்திய நிறுவனங்களில் கோரலாம்.

இரண்டாவது, வருமானச் சான்றிதழ். இது நிரந்தரமானதன்று, காலாவதியாகும். ஆகவே கல்வியாண்டு தொடங்கும் முன் புதிதாக வாங்க வேண்டும்.

மூன்றாவது, முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்து, ஒற்றைச்சாளரக் கலந்தாய்வின் வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை வழங்கும் திட்டம் 2010-இல் தொடங்கியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இச்சலுகை இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது, மாணவர் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. ஆதார் எண்ணோடு இணைந்ததாக அது இருக்க வேண்டும். உதவித்தொகைகள் இப்போது நேரே அந்தக் கணக்கிற்கே வருகின்றன.

சான்றிதழ்கள் அனைத்திற்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வெளியான வாரத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். பிப்ரவரியில் போனால் அமைதியாக வாங்கி வரலாம்.

ஒரு பெயர், நான்கு எழுத்துகள்

நம் சமுதாயத்திற்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். 'முஹம்மது' என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஆதாரில் ஒரு விதம். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம். வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். குடும்ப அட்டையிலோ வெறும் 'முகமது' என்று வேறொரு விதம். பெண் பிள்ளைகளுக்கோ பள்ளியில் 'பாத்திமா' என்றும், ஆதாரில் 'பாத்திமா பீவி' என்றும், வங்கியில் தந்தை பெயரும் சேர்ந்து நீண்டும் இருக்கும். கணினிக்கு நம் வழக்கங்கள் தெரியா. ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஆள் என்றே அது முடிவு செய்யும். விண்ணப்பம் தள்ளுபடியாகும், அல்லது ஒப்பளிக்கப்பட்ட தொகை வந்து சேராமல் திரும்பிப்போகும்.

எனவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள எழுத்துகளையே மூலமாகக் கொண்டு, மற்ற ஆவணங்களை அதற்கேற்பத் திருத்துங்கள். பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்பே பள்ளியில் சென்று பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரைமணி நேர வேலைதான். அதைச் செய்யாதவர்கள் பிற்காலத்தில் அலுவலகப் படிகளில் மாதக்கணக்கில் ஏறி இறங்குவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

உதவிகள் எங்கெங்கு உள்ளன?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பின்னர் 2024-25-ஆம் கல்வியாண்டு முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இலும், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 2021-இலும் அளிக்கப்பட்டது. அதில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது அதன் சிறப்பு. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதும் குடும்பங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கிறது. நம்மில் பலர் அதன் படியை மிதித்ததே இல்லை. அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் பட்டப்படிப்புப் பயில்வோருக்கான கட்டண உதவி, தொழிற்படிப்புக்கான உதவி, உணவோடு கூடிய இலவச விடுதிகள் ஆகியவற்றை அத்துறையே நடத்துகிறது. விடுதியில் சேர, பெற்றோரின் ஆண்டு வருமானம் குறிப்பிட்ட வரம்பிற்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும், வீட்டிற்கும் கல்லூரிக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். மாணவியருக்குத் தொலைவு விதி இல்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் இடம்பெறும் தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை வழங்கும் திட்டமும் அத்துறையின்பாற்பட்டதே.

மத்திய அரசின் உதவிகள் பல தேசிய உதவித்தொகை இணையதளத்தின் வழியே வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் நாலரை லட்சத்திற்குள் இருப்பவருக்குப் பட்டப்படிப்பில் ஆண்டுக்கு ரூ. 12,000-மும், முதுகலையில் ரூ. 20,000-மும் வழங்கும் திட்டம் ஒன்று. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவியருக்கு ஆண்டுக்கு ரூ. 50,000 வழங்கும் 'பிரகதி' திட்டம் மற்றொன்று. ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை இதைப் பெறலாம். இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியலைத் தேர்ந்தெடுக்கும் முதல்தர மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ. 80,000 வழங்கும் 'இன்ஸ்பயர்' திட்டமும் இருக்கிறது. "பி.எஸ்ஸி. படித்து என்ன பயன்?" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இத்தொகையைக் கவனிக்கட்டும்.

ஆய்வுப் படிப்பில் நாட்டம் உடையோர் முதுகலை முடிக்கும் ஆண்டிலேயே 'நெட்' தேர்வை எழுதலாம். அதில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுவோருக்கான மாத உதவி 2023-இல் ரூ. 37,000-ஆக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே ஆய்வு செய்யப் போதுமான தொகை அது.

இனி ஓர் எச்சரிக்கை. பழைய துண்டுப் பிரசுரங்களை நம்பி ஏமாறாதீர்கள். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுப் படிப்புக்கான கடன் வட்டியை ஏற்ற 'படோ பர்தேஷ்' திட்டமும் அவ்வாறே நின்றது. சிறுபான்மையினருக்கான பள்ளி உதவித்தொகை 2022 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. இவற்றை எண்ணி வருந்துவது இயல்பே. ஆயினும் மூடிய கதவின் முன் நின்று புலம்பும் நேரத்தில், திறந்திருக்கும் கதவின் கடைசித் தேதி கடந்துவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்தந்த அறிவிப்பை அரசின் இணையதளத்திலேயே நேரில் பாருங்கள். "உதவித்தொகை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று வருபவரை வாசலோடு அனுப்புங்கள். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள்.

கல்விக் கடனும் வட்டியும்

"ஹஜரத், வங்கியில் கல்விக் கடன் வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் இல்லை. ஜாமீனும் ஈடும் இல்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குக் கடன் வழங்கும் 'பி.எம். வித்யாலட்சுமி' திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆயினும் வட்டி என்னும் சொல்லே நம் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. ஒவ்வொருவர் நிலையும் வேறு. ஆகவே தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிம்களிடம் நேரில் கேட்டுத் தெளிவதே முறை. நான் சொல்ல விரும்புவது வேறொன்று. வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பம், அதன் பொருட்டுப் படிப்பையே தவிர்த்துவிடக் கூடாது. திருப்பித் தர வேண்டாத உதவிகளை முதலில் தேடுங்கள். அடுத்து இலவச விடுதி. அதற்கடுத்து ஜமாஅத்தின் பைத்துல்மாலும் உறவினரின் வட்டியில்லா அழகிய கடனும். இவ்வரிசையில் சென்றால் பெரும்பாலான கலை, அறிவியல் படிப்புகளுக்குக் கடன் வாங்கும் தேவையே எழாது.

இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1980-களில் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இங்கு நினைவுகூரத்தக்கது. மாணவர் பெறுவது வட்டியில்லாக் கடன். வேலையில் அமர்ந்தபின் அவர் அதை வங்கிக்குத் திருப்பிச் செலுத்துவதில்லை. தம் சமுதாய அறக்கட்டளைக்கே செலுத்துவார். அதிலிருந்து அடுத்த மாணவர் படிப்பார். இந்த முறையை ஒரு சிறிய மஹல்லாவும் பின்பற்றலாம் அன்றோ? பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாணவருக்குக் கொடுங்கள். அவர் எழுந்து நின்றதும் அடுத்தவருக்குக் கொடுக்கட்டும்.

ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழைகளில் படிக்கும் பிள்ளையும் உண்டு. ரமளானில் நூறு பேருக்கு நூறு நூறாகப் பிரித்துக் கொடுக்கும்போது, அதில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள ஒரு மாணவியின் ஆண்டுக் கட்டணமாக மாற்றினால், சில ஆண்டுகளில் அந்தக் குடும்பமே ஸகாத் கொடுக்கும் குடும்பமாக மாறிவிடக்கூடும்.

நம் நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் சென்னை எம்.ஐ.டி.யில் சேர வேண்டியிருந்தபோது கையில் பணம் இல்லை. அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ராமேசுவரத்துப் பெண்மணி ஒருவரின் வளையல்தான் அந்த விண்வெளிப் பயணத்தின் முதல் படி. நம் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் நகைகளைப் பார்க்கும்போது இந்நிகழ்ச்சி நினைவுக்கு வரட்டும்.

பட்டம் மட்டும் போதாது

மாணவர்களே, இனி உங்களுக்கு. மூன்றாண்டுப் படிப்பை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் மொழியைச் செம்மைப்படுத்துங்கள். நாள்தோறும் ஒரு தமிழ் நாளேடு, ஓர் ஆங்கில நாளேடு. இரண்டையும் முழுவதும் படியுங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு கைத்திறனைப் பெறுங்கள். கணக்குப் பதிவு, கணினிப் பயிற்சி, மொழிபெயர்ப்பு, எது உங்கள் பாடத்திற்கு நெருக்கமோ அது. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி வழியாகவே பல பயிற்சிகளை வழங்கிற்று. உங்கள் கல்லூரியில் எவை நடைபெறுகின்றன என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் ஒரு போட்டித் தேர்வையோ மேற்படிப்பின் நுழைவுத் தேர்வையோ குறிவைத்துப் படியுங்கள். பட்டம் வாங்கிய பின் தொடங்கலாம் என்றிருப்பவர், பயணச்சீட்டு வாங்காமல் நடைமேடையில் நிற்பவரைப் போன்றவர்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழ் மொழியைப் பற்றியவை. தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பாடநூல்களை ஊன்றிப் படித்தவருக்கு இது எட்டாக் கனியன்று. மத்திய அரசின் சில கடைநிலை, எழுத்தர் நிலைத் தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது.

ஐ.ஏ.எஸ். முதலிய குடிமைப்பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். சென்னை பசுமைவழிச் சாலைப் பகுதியில் அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் வென்றோருக்குத் தங்கும் வசதியோடு பயிற்சி தருகிறது. தில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் பயிற்சி நிலையம் சிறுபான்மையினர், பட்டியலினத்தார், பெண்கள் ஆகியோருக்கு விடுதியோடு பயிற்சி அளிக்கிறது. 2021-ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற ஸ்ருதி சர்மா அங்கே பயின்றவரே.

கலைப்பாடம் படித்தவன் என்ற முறையில் ஒரு சொல். பி.ஏ. படித்த பிள்ளையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். எந்தப் பட்டத்திற்குப் பின்னும் மூன்றாண்டுச் சட்டம் பயிலலாம். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989-இல் பொறுப்பேற்றுப் பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கிய பாத்திமா பீவி அவர்கள் சட்டம் பயின்ற ஒரு முஸ்லிம் பெண்மணிதானே! ஆசிரியப் பணி, நூலகத் துறை, சமூகப் பணி, இதழியல் என வழிகள் பல. அரபி கற்றவருக்கு மொழிபெயர்ப்புத் துறை காத்திருக்கிறது.

மதரஸாவில் ஓதும் பிள்ளைகளும் பின்தங்க வேண்டியதில்லை. அஃப்ஸலுல் உலமா தேர்வைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஐதராபாத் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் ஆகியவை அவர்களுக்கு வாய்ப்பளிக்கின்றன. மதரஸாப் பட்டதாரிகளைக் கல்லூரிப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் ஓராண்டு இணைப்புப் படிப்பை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013-இல் தொடங்கியது.

பள்ளிவாசலில் ஒரு மேசை

மஹல்லா நிர்வாகிகளே! உங்களிடம் நான் கேட்பது பெரிய கட்டடமன்று. ஒரு மேசையும் ஒரு பதிவேடும்தான். ஜமாஅத்தில் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அதில் எழுதுங்கள். யாரிடம் எந்தச் சான்றிதழ் இல்லை என்று எதிரே குறியுங்கள். ஊரில் கணினி தெரிந்த இரண்டு பட்டதாரிகளை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஜும்ஆவுக்குப் பின் ஒருமணி நேரம் அங்கே அமரச் செய்யுங்கள். மாணவியர்க்கெனப் படித்த சகோதரி ஒருவரைத் தனியே அமர்த்துங்கள். அந்தந்த வாரம் முடியவிருக்கும் கடைசித் தேதிகளை, ஜனாஸா அறிவிப்பைப் போலவே, நிகாஹ் அறிவிப்பைப் போலவே, ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் 2023 முதல் இதைச் செய்து வருகிறோம். பெரிதாகப் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. சில விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. சிலர் பாதியில் படிப்பை விட்டனர். ஆனால் ஒன்றை மட்டும் சொல்வேன். துணிக்கடைக்குச் சென்ற அந்த மாணவரின் தங்கை சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார். அவருடைய கோப்பு ஓராண்டுக்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. சாதிச் சான்றிதழில் 'லப்பை' என்று தெளிவாக இருந்தது. ஆதாரிலும் வங்கியிலும் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. இன்று அரசுக் கல்லூரியில் வேதியியல் பயில்கிறார். மாதந்தோறும் அவர் கணக்கில் விழும் ஆயிரம் ரூபாயில்தான் பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் நடக்கின்றன.

தங்கையின் விண்ணப்பத்தை நிரப்ப வந்த அன்று, அண்ணனும் மேசையருகில் நின்றிருந்தார். எல்லாம் முடிந்த பின் மெல்லக் கேட்டார்: "ஹஜரத், எனக்கும் ஏதாவது வழியிருக்கிறதா?"

இருந்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாற்றில் சேர்ந்திருக்கிறார். கடை மூடிய பின் நான்காம் தொகுதித் தேர்வுக்கும் படிக்கிறார். மூன்றாண்டுகள் தாமதம்தான், ஆனால் கதவு முற்றிலும் மூடிவிடவில்லை.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். இந்த இதழை மூடி வைக்கும் முன், அவரை அழைத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்? அதற்குக் கடைசித் தேதி எது?" நான் கேட்கத் தவறிய கேள்விகள் அவை. நீங்கள் தவறவிட வேண்டாம்.

கற்கும் நம் பிள்ளைகளின் வழியை அல்லாஹ் எளிதாக்கி வைப்பானாக. ஆமீன்.